மாடி நெட்

எங்கள் வீட்டு மொட்டைமாடியில் ஓர் இரும்புக் குழாய் நிற்கிறது. அம்மா அதில் கொடி கட்டித் துணி காயப்போடுகிறாள். துணி காயப்போடவா அதை நட்டோம்? தெருவுக்கே நெட் கொடுக்க நட்டது அது. நட்டவள் என் தோழி. தோழி என்று எழுதும்போதே வயிறு எரிகிறது. என்ன செய்ய, அப்போது அவள் தோழிதான்.

ஒரகடத்தை ஒட்டிய ஊர் எங்களுடையது. ஊரில் எல்லாரையும் போல நாங்களும் வீட்டுக்குப் பின்னால் வரிசையாக ரூம் கட்டி, கம்பெனி வேலைக்கு வந்த பெண்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தோம். அதற்காக நான் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கவில்லை. அவர்கள் நிற்கிற அதே கம்பெனி லைனில் நானும் நின்றேன். அவர்களை வேலைக்கு எடுத்த அதே கான்ட்ராக்ட் ஆபீஸ்தான் எனக்கும் சம்பளம் போட்டது. காலையில் பஸ்ஸில் என் தோளில் தூங்கி வழிகிற பெண், சாயங்காலம் எங்கள் வீட்டுக் குழாயில் குடம் வைத்து நிற்பாள். கம்பெனியில் வாடி போடி, வீட்டுக்கு வந்தால் ஓனர் வீட்டு அக்கா. இது ஒரு மாதிரி ரெட்டை வேஷம்தான். பழகிவிட்டது.

தோழி தூத்துக்குடிப் பக்கம். டிப்ளமோ படித்தவள். லைனில் மெஷின் நின்றுவிட்டால் ஸ்க்ரூட்ரைவரோடு ஓடி வருகிற மெயின்டெனன்ஸ் பெண் அவள். எங்கள் ரூம் ஒன்றில்தான் குடியிருந்தாள். பேருக்குத்தான் குடியிருப்பு, சாப்பாடு எங்கள் அடுப்படியில். அம்மா அவளுக்கு மீன்குழம்பில் தலைத் துண்டை எடுத்து வைப்பாள், எனக்கு வைக்கமாட்டாள். அவ்வளவு படித்தும் அவளும் எங்களைப் போல கான்ட்ராக்ட்தான். சில மாசம் போனால் ‘பிரேக்’ என்று சொல்லி வீட்டுக்கு அனுப்புவார்கள். பிறகு புதுசாகச் சேருகிறவள் மாதிரி கையெழுத்து வாங்கிச் சேர்த்துக்கொள்வார்கள். ஒவ்வொரு பிரேக்குக்கும் பெட்டியைக் கட்டிக்கொண்டு அவள் ஊருக்குப் போவதைப் பார்க்கப் பாவமாக இருக்கும்.

ரூம்களுக்கு சிமெண்ட் ஷீட் கூரை. உள்ளே சிக்னல் நிற்காது. மாசக் கடைசியில் எல்லாருக்கும் டேட்டா தீர்ந்திருக்கும். பெண்கள் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வாசலில் அங்கும் இங்கும் நடப்பதைப் பார்த்துவிட்டு ஒருநாள் தோழி என்னிடம் சொன்னாள்:

“ஏட்டி, ஒங்க மாடி ரூம் சும்மாதான கெடக்கு? பழைய கம்ப்யூட்டர் ரெண்டு வாங்கிப் போட்டு, தெருவுக்கே ஒயர் இழுத்துருவோமா?”

“இன்னாடி, கேபிள் டிவி ஆரம்பிக்கப் போறியா?”

“கேபிள் டிவிலாம் ஒரு இதா? நமக்குன்னு ஒரு நெட்டு. வெளி இன்டர்நெட்டு இல்லன்னாலும் நமக்குள்ள ஓடும். படிக்கலாம், படம் பாக்கலாம், ஒருத்திக்கொருத்தி எழுதிக்கலாம்.”

அந்த மாடி ரூமை வாடகைக்கு விட அப்பா ஆள் பார்த்து வைத்திருந்தார். நான் விடமாட்டேன் என்று சண்டை போட்டேன். “வூட்டுக்கு வர்ற லட்சுமிய எட்டி ஒதைக்கிற” என்று அவர் கத்தினார். கத்தட்டும் என்று சாவியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டேன். எனக்குப் பிடிவாதம் வந்தால் வந்ததுதான்.

அந்த நெட்டுக்குப் பொருள் சேர்ந்த கதையை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வரும். ஸ்ரீபெரும்புதூர் ரோட்டில் காயலான் கடை வைத்திருந்த பாய் ஒருவர், ஏதோ ஆபீஸ் கழித்துப் போட்ட கம்ப்யூட்டர்களைக் குவித்து வைத்திருந்தார். தோழி அந்தக் குவியலில் ஏறி உட்கார்ந்து, ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்து, நல்ல பாகமாகப் பொறுக்கி எடுத்தாள். “இந்தப் பொண்ணுக்கு வேல குடுத்தா என் கடைய இவளே நடத்துவா” என்று பாய் தலையில் அடித்துக்கொண்டார். மூடிப்போன பிரவுசிங் சென்டர் ஒன்று படப்பையில் இருந்தது. வைஃபை பெட்டிகள் அங்கே கிடைத்தன. ஒயர் கொடுத்தவர் கேபிள் டிவிக்காரர். அவர் மகளுக்கு நாங்கள் கம்ப்யூட்டர் சொல்லித்தர வேண்டும் என்பது பேச்சு. எதிர்வீட்டு மாடியில் ஒயர் கட்ட அந்த வீட்டு அம்மாவைக் கேட்டால், “ஒயர்ல கரண்ட் வந்து எம் பேரன் செத்துட்டா யார் பதில் சொல்றது?” என்றார். அதில் கரண்ட் வராது என்று காட்ட, தோழி ஒயர் முனையை நாக்கில் வைத்துக் காட்டினாள். அந்த அம்மா விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, சரி கட்டிக்கோ என்றார். அணில் கடித்த ஒயரை எத்தனை முறை ஒட்டினோம் என்று கணக்கே கிடையாது.

ஆனால் ஓடியது! அந்தத் தெருவில் எந்த ரூமில் உட்கார்ந்தாலும் போனில் எங்கள் பக்கம் திறந்தது. பெண்கள் அதற்கு வைத்த பேர்தான் ‘மாடி’. “மாடில பாத்தியா?” “மாடில போட்டு வுடு.” அரசு வேலைத் தேர்வுக்கான கேள்விகள், எக்செல் பாடம், ஆங்கிலப் பேச்சு, சினிமா எல்லாம் அதில் இருந்தன. எழுதுவதற்கு ஒரு பலகையும் இருந்தது. காலி சிலிண்டர் யாரிடம் இருக்கிறது, சிங்கப்பெருமாள் கோவிலுக்கு ஷேர் ஆட்டோவில் கூட வர யார் தயார், எந்த சூப்பர்வைசர் கண் எங்கே மேய்கிறது, எல்லாம் அதில் வரும்.

பலகையில் யாரும் சொந்தப் பேரைப் போடக்கூடாது என்று முதல் நாளே சொல்லிவிட்டோம். மயிலு, சுக்குக்காப்பி, தூங்குமூஞ்சி என்று பேர் வைத்துக்கொண்டார்கள். பாஸ்வேர்டு கேட்டபோது என்ன செய்தார்கள் தெரியுமா? எல்லாரும் டோக்கன் நம்பரை அடித்தார்கள். கம்பெனியில் சேர்ந்ததும் கொடுக்கிற நம்பர் அது. பஸ்ஸில் ஏற அது, கேன்டீனில் தட்டு எடுக்க அது, லாக்கருக்கு அது. சூப்பர்வைசர் கூப்பிடுவதும் அதைச் சொல்லித்தான். எங்கே எந்த மெஷின் நம்பர் கேட்டாலும் எங்கள் விரல் தானாக அதைத்தான் தட்டும். நானும் அதைத்தான் போட்டேன். அதையும் அடிக்கடி மறந்துவிட்டு, மாற்றி அடித்துவிட்டு வந்து நிற்பார்கள் என்று, தோழியும் நானும் பார்த்துச் சொல்கிற மாதிரி அவள் அந்தப் பட்டியலை மெஷினில் திறந்தே வைத்திருந்தாள். நாங்கள் இருவர்தானே பார்க்கிறோம், என்ன ஆகிவிடப் போகிறது!

மாடிக்கு வந்தவர்களில் எனக்கு ரொம்பப் பிடித்தவள் ஒரு சங்கரன்கோவில் பெண். எங்கள் ரூமில்தான் இருந்தாள். அவளிடம் இருந்தது பட்டன் போன். பலகையில் அவளுக்குப் பேரே கிடையாது, ஒரு வரி எழுதியதும் கிடையாது. ஷிஃப்ட் முடிந்து வந்ததும் நேராக மேலே ஏறி, கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து எக்செல் பழகுவாள். குவாலிட்டி பிரிவில் கம்ப்யூட்டர் தெரிந்த ஆள் எடுக்கப் போகிறார்கள் என்று பேச்சு இருந்தது. கம்பெனியே நேராக எடுக்கிற வேலை. கான்ட்ராக்ட் இல்லை, பிரேக் இல்லை. எட்டு மணி நேரம் நின்று நின்று அவள் கணுக்கால் வீங்கிப் போயிருந்தது. “உக்காந்து பாக்குற வேலக்கா. ஒருநாளாவது உக்காந்து பாக்கணும்” என்பாள். டெஸ்ட்டில் அவள் பாஸ் பண்ணிவிட்டாள். அடுத்த மாசம் அழைப்பு வரும் என்று சொல்லியிருந்தார்கள். நாங்கள் மாடியில் கேக் வெட்டினோம்.

அந்தச் சமயத்தில்தான் பஸ் பிரச்சினை வந்தது. கான்ட்ராக்ட் ஆபீஸ் விட்ட பஸ், ஊருக்குள் வராமல் மெயின் ரோட்டிலேயே எங்களை இறக்கிவிட்டுப் போக ஆரம்பித்தது. அங்கிருந்து ஊருக்குள் வர, காம்பவுண்டு சுவர் ஓரமாகக் குடிகாரர்கள் உட்கார்ந்திருக்கிற பாதைதான் வழி. டிரைவரிடம் சொன்னோம், ஆபீஸில் சொன்னோம். காதில் வாங்கவில்லை. அப்புறம் பலகையில் ஒருத்தி எழுதினாள்: நாளைக்கு மெயின் ரோட்டில் யாரும் இறங்க வேண்டாம். கீழே வரிசையாக ‘நானும்’, ‘நானும்’ என்று வந்தது. நானும் எழுதினேன். மறுநாள் பஸ் நின்றது, கதவு திறந்தது, ஒருத்தியும் எழுந்திருக்கவில்லை. டிரைவர் கத்திப் பார்த்தார், ஹாரன் அடித்துப் பார்த்தார், யாருக்கோ போன் போட்டார். நாங்கள் அந்தாக்ஷரி பாட ஆரம்பித்துவிட்டோம். கடைசியில் பஸ் ஊருக்குள் வந்து எங்கள் வீட்டு வாசலில் நின்றது. அப்பாடா, அன்றைக்கு நாங்கள் சிரித்த சிரிப்பு!

அடுத்த வாரம் ஒரு காலையில் கம்பெனி கேட்டில் கார்டு வைத்தோம். எனக்குப் பச்சை விளக்கு எரிந்தது. உள்ளே போய்த் திரும்பிப் பார்த்தால், எனக்குப் பின்னால் வந்தவளுக்குச் சிவப்பு. அவளுக்குப் பின்னால் வந்தவளுக்கும் சிவப்பு. செக்யூரிட்டி அவர்களை ஓரமாக நிற்கச் சொன்னார். “கான்ட்ராக்ட் ஆபீஸ்ல போய்க் கேளுங்கம்மா, எனக்கொண்ணும் தெரியாது” என்றார். ஓரமாக நின்றவர்களில் சங்கரன்கோவில் பெண்ணும் இருந்தாள். கார்டைப் பாவாடையில் துடைத்துத் துடைத்து மறுபடி மறுபடி வைத்துக்கொண்டிருந்தாள்.

ஆபீஸில், இனி ரினிவல் இல்லை, கணக்கு முடிந்தது என்று சொல்லிவிட்டார்கள். அவள் குவாலிட்டி வேலையும் அதோடு போயிற்று.

எனக்கு அது மண்டையைக் குடைந்தது. பஸ்ஸில் கூச்சல் போட்டவர்களை டிரைவர் பார்த்துச் சொல்லியிருக்கலாம். ஆனால் சங்கரன்கோவில் பெண் அன்றைக்கு பஸ்ஸிலேயே இல்லை. காய்ச்சல் என்று ரூமில் படுத்திருந்தாள், அம்மாதான் கஞ்சி கொடுத்தாள். பலகையிலும் அவள் இல்லை. பின்னே எப்படி அவள் நம்பர் போயிற்று? மாடிக்குப் போய் மெஷினைத் திறந்தேன். ‘நானும்’ என்று எழுதியவர்களின் பாஸ்வேர்டுகளைப் பார்த்துக்கொண்டே வந்தேன். ஒரு பேருக்கு நேராக அவள் டோக்கன் நம்பர் இருந்தது. அவளோடு அதே ரூமில் தங்கியிருந்த சின்னப் பெண்ணின் பேர் அது. அந்தப் பெண்ணை எல்லாரும் ‘புதுசு’ என்றுதான் கூப்பிடுவோம். புதுசு ஊரிலிருந்து வந்த அன்றே மாடியில் சேர வந்தாள். அன்றைக்கு அவளுக்கு இன்னும் டோக்கன் போட்டிருக்கவில்லை. “என் நம்பரப் போட்டுக்கோட்டி” என்று சங்கரன்கோவில் பெண்தான் சொன்னாள். நான் பக்கத்தில்தான் இருந்தேன். அதன்பிறகு புதுசின் போனே அதை ஞாபகம் வைத்துக்கொண்டது. புதுசுக்கு அது ஞாபகம் இருந்திருக்காது.

அப்போ நம்பர் போனது பஸ்ஸிலிருந்து இல்லை. மாடியிலிருந்து. அதைப் பார்க்க முடிந்தது இரண்டு பேரால். நான் இல்லை.

தோழி அதற்கு முந்தின வாரம்தான் படப்பைக்கு வீடு மாறியிருந்தாள். ஆபீஸில் நல்ல போஸ்டிங் கிடைத்திருக்கிறது, பக்கமாக இருக்கும் என்று சொல்லிவிட்டுப் போனாள். நாங்களும் சந்தோஷப்பட்டு, அம்மா குக்கர் வாங்கிக் கொடுத்து அனுப்பினாள். அந்தக் குக்கரை நினைத்தால்தான் எனக்கு இன்னும் ஆத்திரம்.

ஷேர் ஆட்டோ பிடித்துப் படப்பைக்குப் போனேன். புதுப் பிளாட்டுகளுக்கு நடுவில் மாடி வீடு. சிரித்துக்கொண்டே கதவைத் திறந்தாள். டீ போட்டுக் கொடுத்தாள். கேட்பதற்கு முன்னால் அந்த டீயை முழுசாகக் குடித்துத் தொலைத்துவிட்டேன்.

“நீதான் குடுத்தியா?” என்றேன்.

எதை என்று அவள் கேட்கவில்லை. “நான் யார் பேரயும் சொல்லலட்டி. நம்பரத்தான் குடுத்தேன்.”

“நம்பருக்கும் பேருக்கும் இன்னாடி வித்தியாசம்? அங்க நம்மள எவன் பேரு சொல்லிக் கூப்டறான்? எங்க வூட்டு சோத்த துன்னுட்டு எப்டிடி மனசு வந்துச்சி ஒனக்கு?”

“ஆபீஸ்ல கேட்டாவ. குடுத்தா ஆன்ரோல், இனி பிரேக்கே கெடையாதுன்னாவ. ஒனக்கு என்ன, நீ ஊர்க்காரி. வேல போனாலும் வாடக வரும், ஒங்கம்மா சோறு போடுவா. எனக்கு ஒவ்வொரு பிரேக்குக்கும் பெட்டியத் தூக்கிட்டு எங்கண்ணன் வீட்டு வாசல்ல நிக்கணும். நீ நின்னுருக்கியா?”

நான் நின்றதில்லைதான். அதற்காக? வேலை போனவர்களும் யாராவது வாசலில்தானே போய் நிற்கப் போகிறார்கள்! அதைச் சொல்ல வாயெடுத்தபோது அவள் முந்திக்கொண்டு சொன்னாள்: “ஒன் நம்பர மட்டும் நான் குடுக்கல, பாத்தியா?” ஏதோ எனக்குப் புடவை எடுத்து வைத்திருக்கிற மாதிரி சொன்னாள்.

சங்கரன்கோவில் பெண்ணைப் பற்றிச் சொன்னேன். அவள் முகம் மாறியது, பொய் சொல்லக் கூடாது. நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள். பிறகு, “அது புதுசு எழுதுனதுன்னு ஆபீஸ்ல சொல்லிருவோம். இவள உள்ள எடுத்துக்கிடுவாவ. நான் பேசுதேன்” என்றாள்.

“நீ மனுஷிதானாடி?” என்று கத்திவிட்டு இறங்கி வந்துவிட்டேன். பக்கத்து வீட்டுக் கதவெல்லாம் திறந்தது. திறக்கட்டும் என்று இன்னும் ரெண்டு வார்த்தை கத்தினேன்.

ஆட்டோவில் வரும்போது அழுதேன். ஆத்திரத்தில் கத்திவிட்டேனே தவிர, அவள் சொன்னது மண்டைக்குள் உட்கார்ந்துகொண்டது. புதுசின் பேரைச் சொன்னால் போதும், சங்கரன்கோவில் பெண்ணுக்கு உட்கார்ந்து பார்க்கிற வேலை திரும்பக் கிடைக்கும். அதை நானே முடிவு செய்ய எனக்குத் தைரியம் இல்லை. நேராக அவள் ரூமுக்குப் போனேன். புதுசு ஷிஃப்ட்டுக்குப் போயிருந்தாள். இவள் துணியை மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தாள். ஒன்று விடாமல் எல்லாவற்றையும் சொன்னேன்.

கேட்டுவிட்டு ரொம்ப நேரம் ஒரு சுடிதாரையே மடித்துக்கொண்டிருந்தாள். “நான்தானக்கா என் நம்பரப் போடச் சொன்னேன்” என்றாள். பிறகு, “அவளுக்கு அப்பா இல்லக்கா. அவ வேலயப் பிடுங்கி நான் உக்காரவா?” என்றாள்.

“அப்ப ஒன் வேல?”

“போனது போச்சு. அக்கா, இது அவளுக்குத் தெரியவே கூடாது. தெரிஞ்சா அவளே ஆபீஸ்ல போய்ச் சொல்லிருவா. அவ அப்படிப்பட்டவ. யார்ட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க.”

அவள் தலையில் கை வைத்துச் சத்தியம் பண்ணினேன். மறுநாள் சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷன் வரை கூடப் போய் ரயில் ஏற்றிவிட்டேன். பிளாட்பாரத்தில் ஒரு பெஞ்சு காலியாக இருந்தது. உட்காரச் சொன்னேன். வேண்டாம்க்கா என்று நின்றுகொண்டே இருந்தாள். தோழியை நான் அன்றைக்குச் சபித்த சாபம் எதையும் இங்கே எழுத முடியாது.

திரும்பி வந்ததும் மெஷினில் இருந்த பேர், நம்பர் எல்லாவற்றையும் அழித்தேன். பெண்களிடம், ஆபீஸுக்கு நம்பர் போனது மாடியிலிருந்துதான், கொடுத்தது அவள், எல்லாவற்றையும் அழித்துவிட்டேன் என்று சொன்னேன். எப்படிக் கண்டுபிடித்தாய் என்று கேட்டார்கள். சத்தியம் பண்ணியிருந்தேனே. ஏதோ தெரிந்தது என்று மென்று விழுங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டமாக மாடிக்கு வந்தார்கள். வேலை போனவர்களும் வந்திருந்தார்கள், வேலையில் இருந்தவர்களும் வந்திருந்தார்கள். வழக்கமாகப் படி ஏறும்போதே கூச்சலாக இருக்கும். அன்றைக்குச் செருப்புச் சத்தம் மட்டும்தான்.

“அழிச்சிட்டேன்னு சொன்னீங்க. நாங்க எப்படிக்கா நம்புறது?” என்றாள் ஒருத்தி.

“வந்து பாரு. திறந்து காட்டறேன்.”

“எங்களுக்குப் பாக்கத் தெரியாதுல்ல.”

அப்போது கூட்டத்துக்குள்ளிருந்து புதுசு முன்னால் வந்தாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. “இத்தன பேருக்கு செவப்பு. ஒங்க கார்டு மட்டும் எப்படிக்கா பச்ச காட்டுச்சு?”

“அவ என் நம்பரக் குடுக்கல” என்றேன். உண்மை அதுதான். சொல்லும்போதே அது எவ்வளவு கேவலமாகக் கேட்கிறது என்று எனக்கே தெரிந்தது.

“எங்க ரூம் அக்கா ஒரு வார்த்த எழுதுனவ இல்ல. ஒங்க முன்னாடி ஒக்காந்துதான படிச்சா? ஒங்கள அக்கா அக்கான்னுதான சுத்தி வந்தா? அவளப் போய் மாட்டி விட்டுட்டீங்களே. நல்லா இருப்பீங்களா நீங்க?”

என் நாக்கு நுனியில் வந்து நின்றது. ஒரு வரி சொன்னால் போதும், அவள் அங்கேயே உட்கார்ந்துவிடுவாள். பல்லைக் கடித்துக்கொண்டேன். ஸ்க்ரூட்ரைவரை எடுத்துப் பெட்டியைக் கழற்றி, உள்ளே இருந்த ஹார்ட் டிஸ்க்கை உருவி நீட்டினேன். பாடம், கேள்வித்தாள், சினிமா, எல்லாம் அதில்தான் இருந்தன. புதுசு அதை வாங்கித் துப்பட்டாவில் சுற்றி வைத்துக்கொண்டாள். ஒருத்தி பின் ஒருத்தியாக இறங்கிப் போனார்கள்.

புதுசு இப்போதும் எங்கள் ரூமில்தான் குடியிருக்கிறாள். கம்பெனியில் அவளுக்குக் குவாலிட்டியில் உட்கார்ந்து பார்க்கிற வேலை கிடைத்துவிட்டது. வாடகையை அம்மா கையில்தான் கொடுக்கிறாள். நான் வாசலில் நின்றால், நான் உள்ளே போகிறவரைக்கும் கேட்டுக்கு வெளியிலேயே நின்றுகொண்டிருக்கிறாள்.